ஃபாக்ஸ் தெருவில் வீடு வாங்கலாமா, வேண்டாமா?

ஐந்தாம்மாடி · ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். ஜோஹானஸ்பர்க்ல இருக்கிற நம்மாளுங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும். விலை விவரம் மட்டும் கேட்டுட்டுப் போயிரலாம்னுதான் உக்காந்தேன். எழுத எழுத வேற எங்கயோ போயிருச்சு, பொறுத்துக்கங்க.

நான் மதுரைப் பக்கம். 2014ல கம்பெனி அனுப்பி இங்க வந்தேன். கூட வந்தவங்க எல்லாம் ஃபோர்வேஸ், மிட்ராண்ட்னு மதிலும் மின்வேலியும் போட்ட குடியிருப்புக்குள்ள போய் உக்காந்துட்டாங்க. எனக்கு அது சரிப்படல. காலைல எழுந்து நாலு எட்டு நடந்து போய் ஒரு காப்பி குடிக்கணும், அம்புட்டுதான் என் ஆசை. அந்த ஆசைதான் என்னய மபோனெங்ல கொண்டாந்து விட்டுச்சு.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஊருக்கு நடுவுல, கிழக்கோரமா, பழைய கிடங்கும் பட்டறையுமாக் கெடந்த இடம். 2009ல ஒரு கிடங்கை 'ஆர்ட்ஸ் ஆன் மெயின்'னு பேர் வெச்சு ஓவியர்களுக்குத் திறந்து விட்டாங்க. வில்லியம் கென்ட்ரிட்ஜ் மாதிரிப் பெரிய ஆளே அங்க இடம் எடுத்து வேலை செஞ்சார். அப்பறம் ஃபாக்ஸ் தெரு நெடுக வீடு, சின்னதா ஒரு சினிமாக் கொட்டகை, ஞாயித்துக்கிழமைச் சந்தைன்னு வரிசையா வந்துச்சு. மபோனெங்னா சோத்தோ மொழில வெளிச்சமான இடம்னு அர்த்தம். 2023ல கரண்ட்டு கட்டுல ராத்திரி பூரா மெழுகுவத்தியோட இருந்தப்ப இந்தப் பேரை நெனச்சு நெறைய சிரிச்சிருக்கோம்.

இப்ப விசயம். வீட்டுக்காரர் வீட்டை விக்கப் போறாராம், எனக்கே குடுக்கிறேங்கிறார். 2015ல பக்கத்து வீட்டுக்குக் கேட்ட விலைல பாதிக்கும் கீழ. கை துறுதுறுங்குது. ஆனா மனசு ஒரு நிலையில இல்ல.

காரணம் ஒரு மெத்தை. கீழ வாசல்ல ராத்திரிக் காவலுக்கு ஒருத்தர் இருந்தார். ஜுலுக்காரர், அம்பது வயசு இருக்கும். நான் அவர்ட்ட ஜுலுல நாலு வார்த்தை கத்துக்கிட்டேன், அவர் என்கிட்ட 'வாங்க, சாப்டாச்சா'ன்னு கத்துக்கிட்டார். ரெண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஃபேக்டரிக்குள்ள அட்டையும் தகரமும் வெச்சுத் தடுத்த அறையில குடியிருந்தார். ஒரு நாள் காலைல காப்பிக்குப் போறேன், அந்தக் கட்டடத்துச் சாமான் அத்தனையும் நடைபாதையில கெடக்கு. மெத்தை, பாரஃபின் அடுப்பு, இரும்புப் பெட்டி. அவர் அந்த மெத்தை மேல உக்காந்திருந்தார். என்னயப் பாத்துட்டு வழக்கம் போல 'சாப்டாச்சா'ன்னார். நான் என்ன சொன்னேன்னு இப்ப ஞாபகம் இல்ல. காப்பி வாங்கிட்டு வேற தெரு வழியா வீட்டுக்கு வந்தேன், அது மட்டும் ஞாபகம் இருக்கு.

அந்தக் கட்டடத்துல இன்னிக்கு வரைக்கும் யாரும் குடி வரல. வாசலைச் செங்கல் வெச்சு அடைச்சிருக்காங்க. சொல்லுங்க, வாங்கலாமா?

கணக்குப்பிள்ளை · ஞாயிறு இரவு

உணர்ச்சியை ஓரமா வெச்சுட்டுக் காகிதத்தைப் பாருங்க சார். நானும் அங்க 2014ல ரெண்டு வீடு வாங்கிச் சூடுபட்டவன், அதனால சொல்றேன்.

முதல்ல பாடி கார்ப்பரேட்டோட, அதான் கட்டடத்து வீட்டுக்காரங்க சங்கத்தோட, மூணு வருஷக் கணக்கைக் கேட்டு வாங்குங்க. எத்தனை வீட்டுக்காரங்க லெவி (மாசப் பராமரிப்புக் கட்டணம்) கட்டாம இருக்காங்கன்னு பாருங்க. உங்க வீட்டுப் பாக்கியைத் தீர்த்தாத்தான் பத்திரம் மாறும், அது சரி. ஆனா கட்டடம் மொத்தமா மாநகராட்சிக்குப் பாக்கி வெச்சிருந்தா, நீங்க ஒழுங்காக் கட்டினாலும் உங்களுக்கும் சேர்த்துத்தான் கரண்ட்டைப் பிடுங்குவான். வாடகை வரும்னு கணக்குப் போடாதீங்க, லெவியும் வரியும் அதை முழுங்கிடும்.

ஏன் விலை இப்படி விழுந்ததுன்னா, அந்தப் பேட்டையே ஒரே கையில இருந்தது. தெரு விளக்கு, கூட்டறது, காவல் எல்லாம் அந்த ஒரு நிறுவனத்தோட பொறுப்பு மாதிரி நடந்தது. கடன் வாங்கிக் கடன் வாங்கிக் கட்டடம் சேர்த்தாங்க. 2019ல கட்டடங்கள் ஏலத்துக்கு வந்து ஆளுக்கொண்ணா எடுத்தாங்க. அப்புறம் தெருவை யார் கூட்டறது? அடுத்த வருஷம் மார்ச்ல கொரோனா ஊரடங்கு. முடிஞ்சுது கதை.

மெத்தை விஷயம் வருத்தம்தான், இல்லைங்கல. ஆனா அதுக்கும் உங்க வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

தோசைக்கல் · திங்கள் காலை

ஏனுங் தம்பி, உங்க பதிவைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கமே இல்லைங்க. நான் அந்த ஞாயித்துக்கிழமைச் சந்தையில நாலு வருசம் தோசை ஊத்துனவ. நீங்க அங்கதான் குடியிருந்தீங்கன்னா கட்டாயம் எங்கிட்ட சாப்பிட்டிருப்பீங்க. மூலையில, படிக்கட்டுக்குப் பக்கத்துல, பச்சைத் துணி.

கோயமுத்தூர்ல இருந்து கல்யாணமாகி இங்க வந்து ஆறு வருசம் ஊட்டுக்குள்ளயே இருந்தேனுங்க. கார் ஓட்டத் தெரியாது, வெளிய நடக்கப் பயம். அவரு ஆபீஸ் போனா கேட்டைச் சாத்திக்கிட்டு டிவி. அந்தச் சந்தைதான் என்னை மனுசியாக்குச்சு. மொத நாளு கல்லுல தோசை ஒட்டிக்கிச்சு, அழுகையே வந்துருச்சு. பக்கத்துக் கடைக்கார எத்தியோப்பியப் பொண்ணு ஓடி வந்து பாத்தா. அவளும் புளிச்ச மாவுல தோசை மாதிரியே ஒண்ணு ஊத்துறா, இஞ்சேராங்குறாங்க. நம்ம ஆப்பத்தையும் தோசையையும் கலந்தாப்பல இருக்கும், தாம்பாளம் பெருசு. வெங்காயத்தை வெட்டிக் கல்லுல தேய்க்கச் சொன்னா. ஏன் சிரிக்கறீங்க, எங்கம்மாவும் அதையேதான் சொல்லியிருக்காங்க, பதட்டத்துல மறந்துட்டேன்.

மொதல்ல வந்தவீங்க எல்லாம் படம் போடற புள்ளைங்க. காசு இல்லாட்டியும் அடுத்த வாரம் கொண்டாந்து குடுக்கும். அப்பறம் வெளிநாட்டு டூரிஸ்ட்டு. நின்னு போட்டோ எடுத்துட்டு, அரை தோசையச் சாப்ட்டுட்டு மீதியக் குப்பையில போடுவாங்க. கூட்டம் ஏற ஏற கடை வாடகையும் ஏறுச்சு. கடைசி வருசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் சம்பாரிச்சதுல பாதிக்கு மேல இடத்துக்கே போச்சுங்க. அந்த எத்தியோப்பியப் பொண்ணு அதுக்கு முன்னாடியே போயிட்டா.

நல்லாத்தான் இருந்துச்சு. நல்லாவும் இல்ல. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலீங்க.

சந்திக்கடை · திங்கள் மத்தியானம்

தம்பி, நான் யாழ்ப்பாணம். ஜெப்பியில, அதுதான் ஜெப்ஸ்டவுனில, போன் திருத்திற கடை வைச்சிருக்கிறன், பதினொரு வருசமாச்சுது. உங்கட பேட்டைக்கும் என்ர கடைக்கும் நடுவில ரெண்டே ரெண்டு தெருதான்.

உங்கட ஆக்கள் கதைக்கிறதைப் பாத்தா மபோனெங் எண்டது பெரிய ஊர் மாதிரி இருக்கு. அது எவ்வளவு தூரம் எண்டு நான் சொல்லுறன். கறுப்பு உடுப்புப் போட்ட காவல்காரன் மூலைக்கு மூலை நிப்பான். கடைசிக் காவல்காரன் நிக்கிற மூலையோட மபோனெங் முடிஞ்சுது. அதுக்கு அங்கால குப்பை எடுக்கவும் ஆளில்லை, தெரு விளக்கும் இல்லை. நான் அங்கால.

அது நல்லா இருந்த காலத்தில என்ர கடை முதலாளி வந்து, 'பாத்தீரோ, பக்கத்தில எவ்வளவு முன்னேற்றம்' எண்டு சொல்லிச் சொல்லி வாடகையைக் கூட்டினவர். அது விழுந்தாப் பிறகு குறைச்சவரோ? இல்லை. ஏறினது ஏறினதுதான். அதோட, அங்க வாற சனம் நிண்டதால என்ர வியாபாரமும் விழுந்து போச்சு. வந்தாலும் எனக்கு நட்டம், போனாலும் எனக்கு நட்டம். இதை எந்தக் கணக்கில எழுதுறது எண்டு கணக்குப்பிள்ளை அண்ணைதான் சொல்லவேணும்.

2019 செப்டம்பரில ஜெப்பியில கடையள் எரிஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளிநாட்டான் கடை எண்டு தேடித் தேடி உடைச்சாங்கள். நான் ஷட்டரை இழுத்துப் பூட்டிப் போட்டு உள்ளுக்கையே இருந்தன். 83ல கொழும்பில எங்கட கடை எரிஞ்சதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறன், அண்டைக்குத்தான் அவர் சொன்ன மணம் என்னெண்டு விளங்கினது. என்னைக் காப்பாத்தினது பக்கத்துத் தொழிலாளர் விடுதியில இருக்கிற ரெண்டு பெடியள். அவங்கட போனை நான் கடனுக்குத் திருத்திக் குடுக்கிறனான். அவங்கள் வாசல்ல கதிரையைப் போட்டுக் கொண்டு இருந்தாங்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெடியளைத்தான் உங்கட ஆக்கள் 'அந்தப் பக்கம் போகாதீங்க' எண்டு சொல்லுறனீங்கள்.

லெனேசியா தாத்தா · திங்கள் இரவு

வணக்கம். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கோயில் வகுப்பில் படித்தது பாதி மறந்து போனது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். தப்பு இருந்தால் அவள் தப்பு.

நான் இந்த ஊரில் பிறந்தவன். என் அப்பாவும் இந்த ஊரில் பிறந்தவர். எங்கள் வீடு ஃபியெட்டாஸில் இருந்தது. காகிதத்தில் அதன் பெயர் பேஜ்வியூ. பதினாலாம் தெரு என்றால் அந்தக் காலத்தில் ஜோஹானஸ்பர்க் முழுக்கத் தெரியும். துணி வாங்க வெள்ளைக்காரரும் வருவார்கள். அப்பா அங்கே ஒரு குஜராத்திக்காரர் கடையில் தையல் வேலை செய்தார். தெருவில் தமிழ், குஜராத்தி, மலாய், ஆஃப்ரிகான்ஸ் எல்லாம் கேட்கும். சண்டையும் அத்தனை பாஷையில் நடக்கும்.

1950இல் எந்த இனம் எங்கே வாழலாம் என்று பிரிக்கும் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. எங்கள் இடம் வெள்ளையருக்கு என்று சொன்னார்கள். எங்களை லெனேசியாவுக்குப் போகச் சொன்னார்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேலே தெற்கே. பலர் போக மாட்டோம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷக் கணக்காக இழுத்தது. எங்கள் வீட்டை இடித்தபோது எனக்குப் பதினேழு வயது. புல்டோசர் வந்தது. அம்மா மாடத்தில் இருந்த விளக்கை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நின்றாள். கடைக்காரர்களுக்கு ஃபோர்ட்ஸ்பர்கில் ஓரியன்டல் பிளாசா கட்டிக் கொடுத்தார்கள். வாடகை அதிகம். அப்பாவின் முதலாளி அங்கே போனார், தையல்காரர்களைக் கூட்டிப் போகவில்லை.

எங்களை அனுப்பிய பிறகு அந்த மனைகள் பல வருஷம் புல் முளைத்துக் கிடந்தன. தம்பி சொன்ன செங்கல் வைத்து அடைத்த வாசலைக் கேட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

கணக்குப்பிள்ளை · திங்கள் இரவு

ஐயா, உங்க அனுபவத்துக்கு முன்னாடி நான் பேசக் கூடாது. ஆனாலும் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அது சட்டம் போட்டு, தோல் நிறம் பார்த்து விரட்டினது. இது சந்தை. மபோனெங்ல முதல்ல வாங்கினதெல்லாம் காலிக் கிடங்கு, அங்க இருந்து யாரையும் எழுப்பல. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சா அந்தக் காலக் கொடுமையைத்தான் சின்னதாக்கின மாதிரி ஆகும்.

இன்னொண்ணு. ஊர் நடுவுல இருந்து பணக்காரங்க எல்லாம் வடக்கே சாண்ட்டனுக்குப் போயிட்டாங்க, கம்பெனியும் போச்சு. ஒருத்தன் துணிஞ்சு அங்க காசு போட்டதுக்கு அவனையே திட்டினா, அடுத்து யார் வருவா? கட்டடம் எல்லாம் யாரோ கும்பல் ஹைஜாக் பண்ணி, தண்ணி இல்லாம கரண்ட் இல்லாம கெடக்கறது மட்டும் ஏழைக்கு நல்லதா?

கட்டுத்தூக்கி · செவ்வாய் அதிகாலை

நான் இங்கே ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். வேலை பெரும்பாலும் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுப் படி ஏறுவதுதான், பெயர்க் காரணம் அதுவே. சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை சார் சொன்னது பாதி சரி. முதல் கிடங்குகள் காலியாக இருந்தன. ஆனால் சுற்றியிருந்த ஜெப்ஸ்டவுன் காலியாக இல்லை. பழைய ஆலைகளுக்குள் அறை தடுத்து நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. கிடங்கு விலை ஏறியதும் பக்கத்து ஆலைக்காரருக்கும் விற்கும் ஆசை வந்தது. 2015 மார்ச்சில் காலி செய்யச் சொன்னதை எதிர்த்து அங்கே ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் ரப்பர் குண்டு சுட்டது. மபோனெங்கில் அன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டவர்கள் இந்தத் தளத்திலேயே இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவின்படி, எல்லாச் சூழ்நிலையையும் விசாரித்து நீதிமன்றம் உத்தரவு போடாமல் யாரையும் அவர்களுடைய வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. வாடகை ஒப்பந்தம் இல்லாமல் குடியிருப்பவருக்கும் இது உண்டு. 1998இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. முதியவர், குழந்தைகள், பெண் தலைமையில் இருக்கும் குடும்பம் ஆகியோரின் நிலையை நீதிபதி கணக்கில் எடுத்தாக வேண்டும். 2011இல் ப்ளூ மூன்லைட் வழக்கு. பெரேயாவில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்த 86 பேர். தனியார் முதலாளி வெளியேற்றினாலும் அவர்களுக்குத் தற்காலிக இருப்பிடம் தருவது மாநகராட்சியின் கடமை என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தீர்ப்பு அருமை. இருப்பிடம் எங்கே? அங்கேதான் முட்டுகிறது. மாநகராட்சி இடம் இல்லை என்கிறது, உரிமையாளர் காத்திருந்து சலித்துப் போகிறார், சிலர் கோர்ட்டைத் தாண்டி ஆள் வைத்து ராத்திரியில் சாமானை வெளியே போடுகிறார்கள். ஐந்தாம்மாடி அண்ணா, அந்த மெத்தை கோர்ட்டு உத்தரவோடு வெளியே வந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஏழைக்கு நல்லதா என்ற கேள்விக்கு: இல்லை சார். அல்பர்ட் தெருவில் 2023 ஆகஸ்ட் 31 அதிகாலை எரிந்த கட்டடத்தில் 76 பேர் செத்தார்கள். மாநகராட்சிக்குச் சொந்தமான கட்டடம். நிறவெறிக் காலத்தில் அதுதான் பாஸ் அலுவலகம், கறுப்பின ஆண்கள் ஊருக்குள் வேலை தேட அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்ற இடம். நான் அந்த வாசலில் போய் நின்றேன். யாரிடம் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. பழைய உரிமையாளர் வைத்த மாநகராட்சிப் பாக்கிக்குப் புதிதாக வாங்குபவர் பொறுப்பில்லை, 2017இல் அதற்கும் தீர்ப்பு உண்டு. பாடி கார்ப்பரேட் பாக்கி பற்றி நீங்கள் சொன்னது சரிதான்.

சாண்ட்டன்சிங்கம் · செவ்வாய் காலை

இதெல்லாம் வெட்டிப் புலம்பல். வாங்க வசதி இருந்தா வாங்குங்க, இல்லாட்டி சும்மா இருங்க. வாடகை குடுக்காம ஓசியில குடியிருக்கிறவனுக்கு எதுக்கு இவ்ளோ ஒப்பாரி? நாம சம்பாதிக்க வந்தோம், சம்பாதிச்சுட்டுப் போவோம்.

சந்திக்கடை · செவ்வாய் காலை

அந்தக் காவல்காரர் வாடகை குடுத்துத்தான் இருந்தவர், தம்பி. மாசம் மாசம் ஆள் வந்து காசு எண்டு வாங்கிக் கொண்டு போவான். ரசீதுதான் இல்லை. ஓசி எண்டு ஆர் உமக்குச் சொன்னது?

மட்டுறுத்துநர் · செவ்வாய் காலை

இதற்குக் கீழே வந்த ஏழு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஊரைப் பற்றிப் பேசலாம், ஒருவர் ஊரை வைத்து இன்னொருவரைத் திட்ட வேண்டாம்.

பேத்தி · செவ்வாய் மாலை

நேற்றுத் தாத்தா சொன்னதை எழுதியது நான்தான். இன்று என் சொந்தக் கணக்கில் வருகிறேன், ஏனென்றால் என் கருத்து வேறு. அவர் தூங்குகிறார்.

தாத்தாவுக்கு ஊர் நடுவில் என்றால் பறிபோன இடம். அம்மாவுக்கு ஊர் நடுவில் என்றால் கைப்பை பறிபோகும் இடம். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்து போவோம். நான் லெனேசியாவில் வளர்ந்தேன். வீடு, பள்ளிக்கூடம், கோயில், மால். பதினெட்டு வயது வரை ஜோஹானஸ்பர்க் நடைபாதையில் நான் நடந்ததே இல்லை. யோசித்துப் பாருங்கள், நான்கு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறோம். தில்லையாடி வள்ளியம்மை இந்த ஊரில் பிறந்தவள் என்று வருஷா வருஷம் மேடையில் பேசுகிறோம், அவள் கல்லறை பிராம்ஃபான்டீனில் இருக்கிறது. ஆனால் பிராம்ஃபான்டீனில் இறங்கி நடக்க எனக்கு அனுமதி இல்லை.

முதல் முறை நடந்தது மபோனெங்கில்தான். கல்லூரித் தோழிகளோடு. சுவரில் மண்டேலா குத்துச்சண்டைக் கையுறையோடு நிற்கும் பெரிய ஓவியம், அதன் கீழே ஸ்கேட்போர்டில் பையன்கள். கறுப்பு, வெள்ளை, நாங்கள், எல்லோரும் ஒரே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அது பொய் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். காவல்காரர்கள் கட்டி வைத்த பொய் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் என் கால் நிஜமாகத்தான் நடந்தது.

அந்தச் சினிமாக் கொட்டகை 44 ஸ்டான்லி என்ற கடை வளாகத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் போகிறேன். காரில் போய், உள்ளே நிறுத்தி, பார்த்துவிட்டு, காரில் வருகிறேன்.

சால்ட் ரிவர்வாசி · செவ்வாய் இரவு

கேப் டவுனிலிருந்து. எங்கள் பக்கம் இதே கதைக்கு வேறு முடிவு, அதையும் கேளுங்கள்.

உட்ஸ்டாக்கில் ஒரு பழைய பிஸ்கட் ஆலை. 2000களின் நடுவில் அங்கே சனிக்கிழமைச் சந்தை தொடங்கினார்கள். சீஸ், ஒயின், கைவினைப் பொருள், அப்புறம் ஓவியக் கூடம். உங்கள் ஊரில் கலைப் பேட்டை விழுந்துவிட்டது. இங்கே விழவே இல்லை, ஏறிக்கொண்டே போகிறது. ஏறினால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் இங்கே வரலாம். தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் ஊருக்கு வெளியே மணல்வெளிக்குப் போகிறார்கள். 1966இல் பக்கத்துப் பேட்டையான டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து 60,000 பேருக்கு மேல் விரட்டியபோது, உட்ஸ்டாக் அந்தக் கண்ணுக்குத் தப்பிய பேட்டை. சட்டத்துக்குத் தப்பியது, சந்தைக்கு மாட்டிக்கொண்டது.

பிராம்வெல் தெருவில் வரிசையாகச் சில சின்ன வீடுகள். 2016இல் காலி செய்யச் சொன்னார்கள். அவர்கள் போக மறுத்து வழக்காடினார்கள். எட்டு வருஷம். 2024 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், அவர்களுக்குத் தற்காலிக இருப்பிடம் ஊருக்கு வெளியே எங்கேயோ அல்ல, உட்ஸ்டாக்கிலோ சால்ட் ரிவரிலோ நகர நடுவிலோ தரவேண்டும் என்று சொன்னது. அன்று எங்கள் தெருவில் கார் ஹாரன் ஓயவில்லை.

நானும் வெளியிலிருந்து வந்து அதிக வாடகை கொடுத்து உட்கார்ந்தவன்தான். ஹாரன் அடித்தவர்களோடு சேர்ந்து கையும் தட்டினேன். என் வீட்டில் எனக்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்க மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை.

கணக்குப்பிள்ளை · செவ்வாய் இரவு

பேத்திம்மா எழுதினதை என் பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டினேன். 'நானும் இந்த ஊர்ல நடந்ததே இல்லையேப்பா'ன்னா. அவளுக்குப் பதினாலு. மிட்ராண்ட்ல எங்க காம்ப்ளெக்ஸுக்குள்ளயே சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டவ.

சரி, கட்டுத்தூக்கி, உங்களுக்கு ஒரு கேள்வி. 20 வீடு, அதுக்கு மேல கட்டினா 30 சதவீதம் எளியவங்களுக்கு ஒதுக்கணும்னு 2019ல மாநகராட்சி கொள்கை கொண்டு வந்ததே, அது மபோனெங் ஆரம்பிச்சப்பவே இருந்திருந்தா நான் வாங்கியிருப்பேனான்னு யோசிச்சுப் பாத்தேன். வாங்கியிருக்க மாட்டேன். அப்ப எனக்கு நஷ்டமும் வந்திருக்காது. சிரிக்காதீங்க.

தோசைக்கல் · புதன் காலை

சிரிக்கலீங்க அண்ணா. எனக்கு ஒண்ணு தோணுது. எல்லாரும் யாரு வந்தா, யாரு போனாங்கிறீங்க. அந்தச் சந்தையில என் கடைக்குப் பாத்திரம் கழுவ ஒரு அம்மா வருவாங்க, பக்கத்து ஜெப்பிக்காரங்க. சந்தை போனதும் அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை வேலை போச்சு. சந்தையாலதான் வீட்டு வாடகை ஏறுச்சுன்னு அவங்களே சந்தையைத் திட்டுவாங்க. சந்தை மூடுன அன்னிக்கு எங்கூடக் கட்டிப்புடிச்சு அழுததும் அவங்கதான். அவங்களைக் கூப்பிட்டு இந்த இழையில எழுதச் சொல்ல முடியாதே, தமிழ் தெரியாதே.

ஐந்தாம்மாடி · வியாழன் இரவு

நாலு நாளா வாசிச்சுக்கிட்டேதான் இருந்தேன். பதில் சொல்ல வாய் வரல.

கட்டுத்தூக்கி கேட்ட கேள்விக்காக அந்தக் காவல்காரரோட நம்பரைத் தேடிப் பிடிச்சேன், பழைய போன்ல இருந்துச்சு. எடுத்தவுடனே 'வாங்க, சாப்டாச்சா'ன்னார். இப்ப வடக்க ஒரு குடியிருப்பு வாசல்ல நிக்கிறார். தங்கியிருக்கிறது காட்லஹாங்ல. போக ரெண்டு டாக்சி, வர ரெண்டு டாக்சி (இங்க டாக்சின்னா ஆளுங்களை அடைச்சுட்டுப் போற வேன்). சம்பளத்துல எவ்வளவு அதுக்கே போகுதுன்னு அவரே கணக்குச் சொன்னார். கோர்ட்டு காகிதம் எதாச்சும் காட்டினாங்களான்னு கேட்டேன். 'காகிதம் இல்ல, சிவப்புச் சட்டை போட்ட ஆளுங்க வந்தாங்க'ன்னார். மெத்தை என்னாச்சுன்னு கேட்டேன். அன்னிக்கு ராத்திரி மழை பெஞ்சு நனைஞ்சிருச்சாம், அங்கயே விட்டுட்டுப் போயிட்டாராம்.

அப்ப அவர் என்கிட்ட ஒண்ணு கேட்டார். 'நீ இன்னும் அங்கயா இருக்க? அந்த மூலைக் கடையில ரொட்டி இன்னும் சூடா போடறானா?' போடறான்னு சொன்னேன். எனக்கு அந்த இடம் பிடிக்கிற மாதிரியே அவருக்கும் பிடிச்சிருந்திருக்கு. இது எனக்கு இத்தனை வருசம் தோணவே இல்ல. அவர் அங்க வேற வழியில்லாம இருந்தார்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

வீட்டு விசயம்: பாடி கார்ப்பரேட் கணக்கு கேட்டிருக்கேன், இன்னும் குடுக்கல. வீட்டுக்காரர் மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்கேன்னார். முடிவு எடுக்கல.

கட்டுத்தூக்கி · வியாழன் இரவு

அண்ணா, அவருக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள். உத்தரவு இல்லாமல் வெளியேற்றியிருந்தால் எங்கள் அலுவலகத்தில் பேசிப் பார்க்கலாம். கட்டடத்தின் எண், தேதி, கூட இருந்த யாராவது இரண்டு பேர். காலம் கடந்ததுதான், ஆனாலும் கேளுங்கள்.

லெனேசியா தாத்தா · வெள்ளி காலை

தம்பி, வாங்குவதும் விடுவதும் உன் இஷ்டம். அதில் நான் வாய் வைக்க மாட்டேன். என் பேத்தி நான் தூங்கும்போது எழுதியதையும் படித்தேன். அவள் நடந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அதை என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். ஃபாக்ஸ் தெருவின் மேற்குக் கோடியில் கோர்ட்டுக்கு எதிரே சான்சலர் ஹவுஸ் இருக்கிறது. மண்டேலாவும் அவர் தோழர் ஆலிவர் டாம்போவும் வக்கீல் அலுவலகம் வைத்த இடம். கட்டடம் அப்போது ஒரு இந்தியக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. ஊருக்குள் அலுவலகம் வைக்கக் கறுப்பருக்கு அனுமதி இல்லாத காலம் அது. அப்பா தைத்த கோட்டைக் கொடுக்க என்னைக் கையில் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப் போவார். அந்தத் தெருவின் கிழக்குக் கோடியை நான் பார்த்ததே இல்லை. உன் மொட்டை மாடியிலிருந்து என்ன தெரியும்?

ஐந்தாம்மாடி · வெள்ளி மத்தியானம்

வடக்க போன்டே கட்டடமும் ஹில்ப்ரோ கோபுரமும் தெரியும் ஐயா. மேற்க ஊர்க் கட்டடங்கதான் மறைக்கும். தெக்க மஞ்ச மஞ்சளாத் தங்கச் சுரங்க மண்மேடு. கீழ அந்தச் செங்கல் வாசலும் தெரியும். வாங்க, ஞாயித்துக்கிழமை காலைல கூட்டிட்டுப் போறேன்.

தோசைக்கல் · வெள்ளி மத்தியானம்

எத்தனை பேருன்னு சொன்னீங்கன்னா மாவு அரைச்சுட்டு வந்துர்றேனுங்க. கல்லு இன்னும் இருக்குது.

பேத்தி · வெள்ளி மாலை

தாத்தாவுக்குப் போன வருஷம்தான் முழங்கால் ஆபரேஷன் ஆனது. அவர் சொல்ல மாட்டார், நான் கேட்கிறேன். லிஃப்ட் ஓடுகிறதா?

ஐந்தாம்மாடி · வெள்ளி மாலை

நேத்து ஓடுச்சு. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்குப் போட்டுப் பாத்துட்டு இங்கயே எழுதறேன், அதுக்கப்பறம் கெளம்புங்க.